இரண்டாம் மாடித் தேர்வறை

2015 டிசம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. வரலாறு படித்த பார்வையற்ற மாணவர் ஒருவருக்குத் தேர்வெழுதப் போயிருந்தேன். அரசாணையில் இந்த வேலைக்கு ‘சொல்வதை எழுதுபவர்’ என்று பெயர். மாணவர்கள் ‘ஸ்கிரைப்’ என்றுதான் சொல்வார்கள். தேர்வு மையம் ஒரு பள்ளிக்கூடம். ஹால் டிக்கெட்டைப் பார்த்த காவலாளி தலையை நிமிர்த்தி மேலே காட்டினார். இரண்டாம் மாடி.

நான் கூட்டிக்கொண்டு போனவருக்குப் படிகள் ஒரு பொருட்டே இல்லை. என் முழங்கையைத் தொட்டபடி கடகடவென்று ஏறினார். முதல் மாடித் திருப்பத்தில்தான் நாங்கள் நிற்க வேண்டியிருந்தது. இரண்டு காலிலும் காலிப்பர் மாட்டிய ஓர் இளைஞர் படியில் உட்கார்ந்திருந்தார். ஊன்றுகோல்களை இரண்டு படி மேலே வைப்பார். படிக்கு முதுகைக் காட்டிக் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி மேல்படியில் வைப்பார். பிறகு கால்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்வார். ஹால் டிக்கெட்டைப் பல்லில் கடித்திருந்தார். உதவட்டுமா என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். கையெல்லாம் புழுதி. அந்தக் கையோடுதான் அடுத்த மூன்று மணி நேரம் எழுதியாக வேண்டும்.

மேலே கண்காணிப்பாளரிடம் கேட்டேன். நல்ல மனிதர்தான். “கீழ ரூம் காலியாத்தான் இருக்கு சார். சீட்டிங் பிளான் அங்கேர்ந்தே வந்துருச்சு. மாத்துனா நாந்தான் பதில் சொல்லணும்.”

மாற்றுத்திறனாளிகளுக்கு உயர்கல்வியில் தொலைநிலைக் கல்வி என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படிக்கட்டுதான் நினைவுக்கு வருகிறது. புத்தகம் வீடு தேடி வந்தது. வகுப்புக்கு வர வேண்டாம் என்றார்கள். வருடத்தில் எல்லாமாகச் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு நாள்தான் வெளியே வரச் சொன்னார்கள். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளையும் இரண்டாம் மாடியில் வைத்தார்கள்.

ஊனமுற்றவர்களை மனதில் வைத்தே தொடங்கிய தபால்வழிப் படிப்பு ஒன்று நூறாண்டுக்கு முன்பே இருந்தது. சிகாகோவை ஒட்டிய வின்னெட்காவில் வில்லியம் ஹாட்லி என்ற உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் தம் 55ஆம் வயதில் பார்வையை இழந்தார். பிரெயிலைத் தாமே கற்றுக்கொண்டார். நடுவயதில் பார்வை போனவர்களுக்குச் சொல்லித்தர ஆளே இல்லை என்று கண்டு, 1920இல் தபால் மூலம் பிரெயில் கற்பிக்க ஆரம்பித்தார். முதல் மாணவி கான்சாஸ் மாநிலத்து விவசாயக் குடும்பப் பெண். பட்டப்படிப்பெல்லாம் இல்லை. ஆனால் யாருக்காக, எந்தத் தடையை நீக்க என்ற கேள்வியிலிருந்து பாடம் பிறந்தது. நம் பல்கலைக்கழகங்களின் அஞ்சல்வழிக் கல்விக்கு அப்படியொரு பிறப்பு அமையவில்லை.

பல்கலைக்கழக அளவில் இதை முறையாகச் செய்து காட்டியது பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1963இல் தொழிற்கட்சித் தலைவர் ஹரால்டு வில்சன் கிளாஸ்கோவில் பேசிய ‘வானொலிப் பல்கலைக்கழக’ யோசனை, அமைச்சர் ஜென்னி லீயின் பிடிவாதத்தால் 1969இல் சாசனம் பெற்று, 1971 ஜனவரியில் ஏறக்குறைய 24,000 மாணவர்களோடு தொடங்கியது. சேர முன்தகுதி எதுவும் வேண்டாம். பள்ளிப்படிப்பே அரைகுறையாக நின்றுபோன ஊனமுற்றோருக்கு அந்த ஒரு விதியே பெரிய கதவு. அவர்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்துத் திட்டமிட்டார்களா என்பது வேறு. வந்த பிறகு செய்தவைதான் கவனிக்கத்தக்கவை. பாடங்களை ஒலிநாடாவில் பதிவு செய்து அனுப்பினார்கள். புத்தகத்தை விரித்துப் பிடிக்கக் கையில் வலுவில்லாதவர்களுக்கு, மேசைமேல் வைத்தால் தானாகத் தட்டையாகக் கிடக்கும்படி சீப்புப் பைண்டிங் போட்ட பிரதிகள் கொடுத்தார்கள். அறிவியல் மாணவருக்குச் சோதனைப் பெட்டி தபாலில் போனது. அதற்குள் உள்ளங்கையில் அடங்கும் மக்ஆர்தர் வகை நுண்ணோக்கிகூட இருந்தது. தேர்வு மையத்துக்கு வர முடியாதவர் வீட்டுக்கே கண்காணிப்பாளர் போனார்.

இந்தக் கடைசி ஏற்பாட்டை நம் ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். காப்பி அடிக்க மாட்டார்களா என்பதுதான் முதல் கேள்வியாக வரும். நம் தேர்வு முறையின் அடித்தளமே சந்தேகம். சாய்தளம் கட்டச் செலவாகும். சந்தேகத்தைக் கைவிட ஒரு பைசா செலவில்லை, ஆனாலும் அதுதான் கடைசியில் போகும்போலிருக்கிறது.

இந்தியாவில் 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் தொடங்கிவைத்த அஞ்சல்வழிக் கல்வி, தெற்கே 1971இல் மதுரைக்கும், 1979இல் அண்ணாமலைக்கும், 1981இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் வந்தது. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ. 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இவை யாருக்காக வந்தன? வேலையில் இருப்பவர், கல்யாணமாகிப் படிப்பு நின்ற பெண்கள், மார்க் குறைந்ததால் கல்லூரி கிடைக்காதவர், பதவி உயர்வுக்குப் பட்டம் வேண்டியவர். தமிழ்நாட்டில் ‘கரஸ்’ என்ற ஒரே சொல்லுக்குள் இவர்கள் எல்லோரும் அடங்கினார்கள். “ரெகுலரா, கரஸா?” என்ற கேள்வியில் இருக்கும் ஏளனம் தமிழர் எல்லோருக்கும் தெரியும். மாற்றுத்திறனாளிகள் இந்தக் கூட்டத்தோடு சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்தவர்கள். கல்லூரியின் படியும் பேருந்தின் படியும் விடாததால் வந்தவர்கள். விண்ணப்பத்தில் அவர்களுக்கென்று ஒரு கட்டம் வைத்தார்கள். அந்தக் கட்டத்தில் டிக் அடித்தவருக்கு மேற்கொண்டு என்ன செய்வது என்று யோசிக்க நீண்ட காலம் எடுத்துக்கொண்டார்கள். இக்னோ 2006இல் ஊனமுற்றோர் ஆய்வுகளுக்கெனத் தேசிய மையம் ஒன்றை அமைத்தது, இவர்களுக்கான தனிக் கல்வி மையங்களையும் திறந்தது. அது மதிக்க வேண்டிய முயற்சி.

சட்டம் நம்மிடம் குறைவில்லாமல் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே ஏறக்குறைய 55 சதவீதம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகை ஊனங்களை ஏற்றது. 2016 சட்டம் அதை 21 ஆக்கியது. தசைச்சிதைவு, தலசீமியா, ஹீமோபிலியா, கற்றல் குறைபாடு, ஆட்டிசம் எல்லாம் பட்டியலில் உண்டு. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத இடஒதுக்கீடு என்று அதன் 32ஆம் பிரிவு சொல்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இடஒதுக்கீடு என்பது இடம் குறைவாக இருக்கும் இடத்தில்தான் பொருள்படும். தொலைநிலைக் கல்வியில் பெரும்பாலும் கேட்டவருக்கெல்லாம் இடம். ஆகவே ஒரு பல்கலைக்கழகம் மாற்றுத்திறனாளிகளுக்காக எதுவுமே செய்யாமல், அவர்களைச் சேர்த்துக்கொண்ட எண்ணிக்கையை மட்டும் பெருமையாகக் காட்ட முடியும். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கணக்கு. அதை யாரும் அவ்வளவு ஆர்வமாகக் கேட்பதில்லை.

சேர்ந்தவருக்கு முதலில் வருவது புத்தகக் கட்டு.

நான் தேர்வெழுதிக் கொடுத்த மாணவரின் வீட்டில் அந்தக் கட்டு பிரிக்கப்பட்டு அடுக்கில் புத்தம் புதிதாக இருந்தது. அவருக்கு அது காகிதம், அவ்வளவுதான். மடிக்கணினியில் என்விடிஏ வைத்திருந்தார். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டேவும், இருவருமே பார்வையற்றவர்கள், 2006இல் உருவாக்கத் தொடங்கிய இலவசத் திரைவாசிப்பான் அது. அதற்கு முன் ஜாஸ் போன்ற மென்பொருளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். விலை கேட்டால் மயக்கம் வரும். என்விடிஏ இல்லையென்றால் தமிழ்நாட்டில் இன்று பார்வையற்ற பட்டதாரிகளில் பலர் கணினியைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். ஆக, கருவி வீட்டுக்கு வந்துவிட்டது. பாடத்தின் பிடிஎஃப் கோப்பும் எப்படியோ கிடைத்துவிட்டது. திறந்து கேட்டால் ஆங்கில எழுத்துகள் கொட்டின. அவர் அம்புக்குறி விசையால் ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி எனக்குக் கேட்கக் கொடுத்தார்: ஜே, கே, பி, ஓ, செமிகோலன்.

அச்சகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது அந்த ஐந்து குறிகள்தான். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை ஒட்டிவைத்த பழைய ஏற்பாடு. கண்ணுக்கு அழகான தமிழ். காதுக்கு ஆங்கிலக் குப்பை. தமிழ் யூனிகோடில் 1991இலேயே இடம் பெற்றுவிட்டது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக அறிவித்து ஆணையும் இட்டது. ஆனால் பாடநூல் பக்கம் பிறப்பது டிடிபி மையத்தில். அங்கே பேஜ்மேக்கர் ஓடும்வரை யூனிகோட் நுழைய வழியில்லை. பதினைந்து வருடத்துக்கு முன் தட்டச்சு செய்த பாடத்தை மறுபதிப்பில் அட்டை மாற்றிப் போடுவது வழக்கம் என்பதால் பழைய குறியாக்கமும் கூடவே பயணிக்கிறது. இன்னொரு வகை இதைவிட மோசம். அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து படமாகவே ஏற்றிவிடுவார்கள். பாமினி பிடிஎஃப் உளறவாவது செய்யும். இது பேசவே பேசாது. பக்கம் 1, பக்கம் 2 என்று எண்ணிக்கொண்டு போகலாம்.

ஆங்கில வழியில் படிக்கும் பார்வையற்ற மாணவருக்கு இந்தச் சிக்கல் கிட்டத்தட்ட இல்லை. தமிழ் வழியில் படித்ததற்கு இது ஒரு தண்டம். ஆங்கிலம் சரளமாக வராத, கிராமத்து, ஏழை வீட்டுப் பிள்ளைதான் இதைக் கட்டுகிறது. எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. பாமினியை யூனிகோடாக்கும் இலவசப் பக்கங்கள் பல. ஸ்கேன் படத்தை எழுத்தாக்கும் தமிழ் எழுத்துணரிகளும் முன்னைக்கு இப்போது நன்றாகவே தேறியிருக்கின்றன. அட்டவணை வந்தால் மட்டும் உளறும், கிரந்த எழுத்து வந்தால் தடுமாறும். இந்தியமொழிப் பேச்சுத் தொகுப்பில் சென்னை ஐஐடி ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறது. கைபேசியில் டாக்பேக் திரைவாசிப்பான் இன்று ஓரளவு மனிதக் குரலில் தமிழ் வாசிக்கிறது. ஆனால் இவை எல்லாமே மாணவர் தலையில் விழுந்த வேலை. பல்கலைக்கழகத்தில் ஒருவர் ஒருமுறை யூனிகோடில் சேமித்திருந்தால் ஆயிரம் பேர் ஆயிரம் முறை மாற்ற வேண்டியதில்லை.

காப்புரிமையைக் காரணம் காட்டுபவர்களும் உண்டு. இந்தியா 2012இலேயே காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, அச்சுநூலை வாசிக்க இயலாதவர்களுக்காக அதை வேறு வடிவத்துக்கு மாற்ற அனுமதி தந்துவிட்டது. 2013இல் மொராக்கோவின் மராகேஷில் இதற்கான உலக ஒப்பந்தம் கையெழுத்தானது; 2014இல் அதை உறுதிசெய்த முதல் நாடு இந்தியாதான். 2016இல் அச்சுநூலை வாசிக்க இயலாதவர்களுக்கென சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் வந்தது. ஒப்பந்தத்தை முதலில் உறுதிசெய்ததை நினைத்துப் பெருமைப்படலாம். சுகம்ய புஸ்தகாலயாவில் தமிழ் வழிப் பட்டப் பாடநூலைத் தேடிப் பாருங்கள், பெருமை எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று.

அந்த மாணவர் கடைசியில் எப்படிப் படித்தார் என்பதைத் தேர்வறையில்தான் தெரிந்துகொண்டேன். அவருடைய அக்கா சமையல் செய்துகொண்டே பாடத்தைக் கைபேசியில் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். ரயத்வாரி முறை பற்றி ஒரு பெரிய கேள்வி. நான் வாசித்து முடித்ததும் முகத்தைச் சற்றே சாய்த்து எதையோ தேடினார். “அக்கா குக்கர் எறக்கப் போவாங்க சார், அதுக்கு அப்புறம் வரும்,” என்றார். மூன்றாவது விசிலைத் தாண்டியதும் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் பாராமகாலும் வரிசையாக வந்து விழுந்தன. நான் எழுத எழுதத் திணறிப்போனேன்.

பார்வையற்றோரைப் பற்றிப் பேசும் அளவுக்குக் காதுகேளாதோரைப் பற்றி நாம் பேசுவதில்லை. அச்சுப் புத்தகம்தானே, கண் நன்றாக இருக்கிறதே, படிக்க வேண்டியதுதானே என்று ஒரு எண்ணம். பிறவியிலேயே கேட்காத ஒருவருக்குத் தமிழ் தாய்மொழி ஆகாது, சைகைமொழிதான் தாய்மொழி. தமிழின் வேற்றுமை உருபுகளும் வினைமுற்றுகளும் நாம் காதால் பழகியவை. ‘அவனால் முடிந்தது’, ‘அவனோடு முடிந்தது’, ‘அவனுக்கு முடிந்தது’ ஆகிய மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்காமலேயே, எழுத்தைப் பார்த்து மட்டும் பிடிப்பது எவ்வளவு பெரிய உழைப்பு! அப்படிப்பட்டவருக்கு 300 பக்கப் புத்தகத்தைத் தபாலில் அனுப்பிவிட்டு ஆசிரியரே இல்லாமல் படி என்பது, தொலைநிலைக் கல்வியின் மிகக் கடுமையான வடிவம். சென்னை மாநிலக் கல்லூரியில் காதுகேளாதோருக்கெனத் தனியாகப் பட்ட வகுப்புகள் நடக்கின்றன; அங்கே சைகை தெரிந்த ஆசிரியரும், அதைவிட முக்கியமாக, சைகையில் அரட்டையடிக்க நண்பர்களும் கிடைக்கிறார்கள். என் கணிப்பில் காதுகேளாதோருக்கு முதல் பட்டம் நேரடி வகுப்பில்தான் அமைய வேண்டும். தொலைநிலைக் கல்வி அவர்களுக்குப் பயன்பட வேண்டுமானால் பாடமே சைகைமொழிக் காணொளியாக வர வேண்டும். இக்னோ 2009இல் பிரிட்டனின் சென்ட்ரல் லங்காஷயர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சைகைமொழி ஆய்வில் ஒரு பி.ஏ.வைத் தொடங்கியது. 2015இல் தில்லியில் இந்திய சைகைமொழி ஆய்வு, பயிற்சி மையம் அமைந்தது. 2021க்குள் அதன் அகராதி 10,000 சொற்களைத் தொட்டது. அடித்தளம் மெல்ல விழுகிறது. அதன்மேல் பொருளாதாரமோ வேதியியலோ எழும்ப இன்னும் வெகுகாலம் ஆகும்.

இணையக் காணொளிப் பாடங்கள் வந்தபோது அமெரிக்காவில் இதே சிக்கல் நீதிமன்றம் ஏறியது. உலகுக்கே இலவசம் என்று ஹார்வர்டும் எம்ஐடியும் ஏற்றிய விரிவுரைகளில் எழுத்துரை இல்லை, இருந்ததும் பிழை மலிந்தது என்று அந்நாட்டுக் காதுகேளாதோர் தேசியச் சங்கம் 2015இல் வழக்குப் போட்டது. 2019இல் ஹார்வர்டும், 2020இல் எம்ஐடியும் சமரசத்துக்கு வந்து எழுத்துரை சேர்க்க ஒப்புக்கொண்டன. பெர்க்லியில் கதை வேறு மாதிரி போனது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் வெளியிட்ட இலவசப் பாடங்கள் ஊனமுற்றோருக்கு எட்டவில்லை என்று 2016இல் அமெரிக்க நீதித்துறை எழுதியதும், 2017இல் அந்தப் பல்கலைக்கழகம் 20,000க்கும் மேற்பட்ட ஒலி, ஒளிப் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்தே எடுத்துவிட்டது. புகார் கொடுத்த காதுகேளாதோர் மேல்தான் ஊர் கோபப்பட்டது. உங்களால் எங்களுக்கும் போச்சே என்றார்கள். அந்தக் கோபம் எனக்கு நன்றாகவே தெரிந்த கோபம். சாய்தளம் கேட்டவரிடம், உனக்காக வாசலை இடிக்கணுமா என்பார்களே, அதே குரல். 2022இல் ஒரு சட்ட ஒப்பந்தத்தின் வழியாகத்தான் பெர்க்லி தன் இணைய உள்ளடக்கத்தைச் சரிசெய்ய இசைந்தது.

நம் அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் 2017இல் வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் ஒரே வாரத்தில் எல்லாக் கல்லூரியும் கணினிக்குள் குடியேறியது. முந்தின வருடம்வரை, நடக்க முடியாத ஒரு மாணவிக்காக வகுப்பை இணையத்தில் போட ‘வசதியில்லை’ என்று சொன்ன கல்லூரிகளும் அதில் உண்டு. வசதி அவ்வளவு நாளும் எந்த அலமாரியில் இருந்ததோ! அந்த இரண்டு வருடத்தில் நடமாட்டச் சிரமம் உள்ளவர்கள் உண்மையிலேயே ஆசுவாசப்பட்டார்கள். ஆசிரியரின் உதட்டைப் பார்த்துப் பாடம் புரிந்துகொண்டவர்களோ தபால்தலை அளவுச் சதுரத்தில் உதட்டைத் தேடினார்கள். “இங்க பாருங்க, இதுலேர்ந்து இது வருதா, இதை அங்க போட்டா…” என்று பலகையைக் காட்டிக் கணக்குச் சொல்லித்தருபவரின் வகுப்பு, பார்வையற்றவருக்கு இணையத்திலும் இருட்டுதான்.

கணக்கு என்றதும் இன்னொன்று. பார்வையற்றவர் தமிழ், வரலாறு, அதன்பின் பி.எட். என்று ஒரே தடத்தில் போவதை நாம் அவர்கள் விருப்பம் என்று எண்ணிக்கொள்கிறோம். பள்ளியிலேயே கணக்கையும் அறிவியலையும் அவர்களிடமிருந்து விலக்கிவிட்ட பிறகு விருப்பத்துக்கு எங்கே இடம்? ஆப்ரஹாம் நெமெத் என்ற பார்வையற்ற கணித அறிஞர் பிரெயிலில் கணிதம் எழுதும் முறையை 1952இலேயே கொடுத்துவிட்டார். அதைக் கற்றுத்தர ஆள் வேண்டும். பொறியியல், மருத்துவம், சட்டம், மருந்தியல், செவிலியர் படிப்பு போன்றவற்றைத் தொலைநிலையில் நடத்தக் கூடாது என்கிறது பல்கலைக்கழக மானியக் குழு. அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் வீட்டைவிட்டு நகர முடியாத ஒருவருக்கு அந்தப் பட்டியல் வாழ்க்கையின் எல்லைக்கோடாகவும் ஆகிவிடுகிறது. பிரிட்டனில் தபாலில் நுண்ணோக்கி அனுப்பியவர்கள் இன்று ஓப்பன்ஸ்டெம் லேப்ஸ் என்று, வீட்டிலிருந்தே உண்மையான கருவிகளை இயக்கும் ஆய்வகத்தை நடத்துகிறார்கள்.

இனி தேர்வு. உண்மையில் எல்லாம் வந்து முட்டும் இடம் அதுதான்.

2013இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் தாராளமானது. எழுதுபவருக்குக் கல்வித் தகுதி, வயது என்ற தடை வேண்டாம். மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் என்றது. நான் 2015இல் உட்கார்ந்தது அதன் நிழலில். 2018இல் அதைத் திருத்தினார்கள். மாணவரே அழைத்துவரும் எழுத்தர் அவரைவிட ஒரு படி குறைந்த தகுதியுள்ளவராக இருக்க வேண்டும் என்றார்கள். அந்த விதி இருந்திருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க முடியாது. முறைகேட்டைத் தடுக்கத்தான் விதி என்பது புரிகிறது. ஆனால் எம்.ஏ. தேர்வுக்கு, பாடத்தின் கலைச்சொல்லை முன்பின் கேட்டிராத ஒருவர் எழுதும்போது ‘இறையாண்மை’ ‘இறையாமை’ ஆகும். மதிப்பெண் போகும். தவறு யாருடையது என்று விடைத்தாளில் பதிவாகாது. தட்டச்சு தெரிந்த பார்வையற்றவர் கணினியிலேயே எழுதலாமே என்றால், விதி அதையும் அனுமதிக்கிறது. தேர்வு மையத்தில் திரைவாசிப்பானோடு ஒரு கணினி இருக்க வேண்டும், அவ்வளவுதான் குறை.

40 சதவீத ஊனச் சான்று இல்லையென்றால் எழுத்தரும் இல்லை என்ற நிலையை 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உடைத்தது. எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் நோயுள்ள ஒரு குடிமைப் பணித் தேர்வர் தொடுத்த வழக்கு. நீதிபதி சந்திரசூட் அமர்வு, நியாயமான வசதி என்பது சதவீதத்தோடு கட்டிப்போட்ட சலுகை அல்ல என்று தெளிவாக்கியது. மறு ஆண்டே 40க்குக் கீழுள்ளவர்களுக்கும் வழிகாட்டுதல் வந்தது. 2024 நவம்பரில் அதே நீதிமன்றம், அணுகல் தரங்கள் ‘செய்தால் நல்லது’ வகையாக இருக்க முடியாது, கட்டாய விதிகள் வேண்டும் என்றது. 2025 ஏப்ரலில் எண்ணிம அணுகலை வாழ்வுரிமையின் பகுதி என்றே தீர்ப்பளித்தது. தீர்ப்புகள் சரியான திசையில்தான் போகின்றன. சீட்டிங் பிளான் போடுகிறவர் கைக்கு அவை எந்தத் தபாலில் போய்ச் சேரும் என்பதுதான் தெரியவில்லை.

வீட்டிலிருந்தே இணையத் தேர்வு என்றால் படிக்கட்டு ஒழியும். புதிதாக ஒரு கண் முளைக்கும். வெப்கேமரா வழியே கண்காணிக்கும் மென்பொருள், பார்வை திரையை விட்டு விலகினால் குறித்துக்கொள்ளும், அறையில் இன்னொரு குரல் கேட்டால் குறித்துக்கொள்ளும், அடிக்கடி அசைந்தால் குறித்துக்கொள்ளும். பார்வையற்றவருக்குத் திரையைப் பார்க்க என்ன இருக்கிறது? திரைவாசிப்பானின் குரல்தான் அந்த இன்னொரு குரல். மூளை முடக்குவாதம் உள்ளவர் அசையாமல் இருப்பது எப்படி? இருவரையும் இயந்திரம் திருடர் பட்டியலில் சேர்க்கும்.

இவ்வளவையும் எழுதிவிட்டுத் தொலைநிலைக் கல்வியே வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. அதன் பெரிய வரம் தூரம்கூட அன்று, காலம். மூன்றாண்டுப் பட்டத்தை இக்னோவில் ஆறாண்டுவரை இழுக்கலாம். டயாலிசிஸ் நாளுக்கும் ரத்தம் ஏற்றும் நாளுக்கும் நடுவே படிப்பவருக்கு, மனநோய் திரும்பி வந்து ஒரு வருடத்தைத் தின்றுவிட்டுப் போனவருக்கு, அந்த மூன்று உபரி ஆண்டுதான் பட்டத்துக்கும் பாதியில் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம். வருகைப்பதிவு 75 சதவீதம் கேட்கும் கல்லூரி அதைக் கொடுக்கவே முடியாது. தனியாக வெளியே அனுப்பத் தயங்கும் வீடுகளில் மாற்றுத்திறனாளிப் பெண்களுக்குக் கிடைக்கும் ஒரே உயர்கல்வியும் பல நேரம் இதுதான். தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழுவின் 2020 விதிகள் சொல்லிவிட்டன. நேர்முகத் தேர்வில் எதிரே உட்காருபவர் அதைப் படித்திருக்க வேண்டும்.

என் பயம் வேறு. சக்கர நாற்காலியோடு சேர்க்கைக்கு வரும் பெண்ணிடம், “எதுக்கும்மா அலைச்சல், பேசாம கரஸ்ல போட்ருங்களேன்” என்று கனிவோடு சொல்லும் முதல்வர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கனிவில் கல்லூரிக்கு ஒரு சாய்தளமும் ஒரு கழிப்பறையும் மிச்சம். கேண்டீன், கல்லூரி விழா, கடைசி பெஞ்ச், காதல், பேருந்தில் தொங்கிக்கொண்டு போகும் நண்பனின் நோட்டுப் புத்தகம் என்று பட்டச் சான்றிதழில் வராத எல்லாவற்றையும் அந்தப் பெண் இழக்கிறாள். அவளே விரும்பி வீட்டிலிருந்து படித்தால் அது அவள் தேர்வு. வேறு வழியில்லாமல் படித்தால், பழைய வீட்டுத் திண்ணையிலேயே அவளை உட்காரவைத்துக் கையில் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறோம். இரண்டுக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான், கட்டணம் ஒன்றுதான், புள்ளிவிவரத்தில் இரண்டும் ஒரே எண்தான்.

அன்றைக்குத் தேர்வு நான்கு மணி நேரம் நடந்தது. கூடுதல் ஒரு மணியைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் போன பின் எங்களையும் அந்தக் காலிப்பர் இளைஞரையும் தவிர மாடியில் யாருமில்லை. அவர் எழுதி முடித்து வெகுநேரமாகிவிட்டது. கூட்டம் இறங்கட்டும் என்று காத்திருந்தார். இறங்குவது ஏறுவதைவிடச் சுலபம் என்றார்.

என் மாணவர் பட்டம் வாங்கினார், ஐந்தாவது வருடத்தில். அக்காவின் பதிவுகள் இப்போதும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. பாடத்திட்டம் பாதி மாறிவிட்டது, ஆனாலும் கேட்கிறார்கள். போன வருடம் யாரோ ஒரு மாணவி அவருக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தாளாம்: “அண்ணா, நாலாவது பாடத்துல ஒரு கொழந்த அழுவுதே, அது யாரு? இப்ப பெருசாயிருக்குமே?” அக்காவின் பையன். ஐந்தாம் வகுப்பு படிக்கிறான்.